கண்மாய்க்கு எத்தனை கால்

அப்பத்தா பாடுகிற நடவுப் பாட்டில் ஓர் இடத்தில் 'மறுகால்' என்று வரும். எனக்கு அப்போது ஆறேழு வயது. மேலூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். வரப்பில் உட்கார்ந்து சோற்றுத் தூக்குவாளிக்குக் காவல் இருப்பது என் வேலை. தொழி கலக்கிய வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் பின்னால் நகர்வார்கள். அப்பத்தா ஓரடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள்.

கம்மாய் நிறைந்து மறுகால் போகிறது என்று பாட்டு. ஊருக்குப் பாசனம் தருகிற ஏரியான கண்மாயைத்தான் கம்மாய் என்போம். எனக்குத் தெரிந்த கால் உடம்பில் இருக்கிற கால்தான். கம்மாய்க்கு ஒரு கால் கரையில் ஊன்றி நிற்கிறது, மற்றொரு கால் எங்கேயோ நடந்து போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் காலுக்குப் பாதம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யோசித்தபடியே கரையில் நடந்திருக்கிறேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். அப்பத்தா சிரிக்கவில்லை. "மழை விழுகட்டும்யா, காட்டுறேன்" என்றாள்.

அந்த ஐப்பசியில் அடைமழை. ஒரு நாள் விடியக்கருக்கலில் என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். கரை நெடுக ஊரே நின்றது. வடகோடியில் கல்லால் கட்டிய தாழ்வான இடம், அதன் பெயர் கலுங்கு. நிறைந்த கண்மாய் கரையை உடைத்துவிடாமல் மிச்சத் தண்ணீர் அதன் வழியாக வழிந்து இறங்கும். இறங்கிய தண்ணீர் ஓடையாகத் திரண்டு அடுத்த ஊர்க் கண்மாய்க்கு ஓடிக்கொண்டிருந்தது. "இதுதான்யா மறுகால்." வாய்க்காலில் இருக்கிற கால்தான் மறுகாலிலும் இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்துக் கண்மாய்களெல்லாம் இப்படி ஒன்றின் மறுகால் அடுத்ததை நிரப்பும்படி சங்கிலியாகக் கோத்து வெட்டியவை. பாட்டில் 'மறுகால் போகுது' என்று வந்தால் எங்கள் ஊர் நிறைந்துவிட்டது, இனி அடுத்த ஊருக்கும் விளைச்சல் உண்டு என்று பொருள். ஒரு சொல்லுக்குள் இரண்டு ஊர்.

அன்றிலிருந்து பாட்டில் தெரியாத சொல் வந்தால் என்னால் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை.

கொஞ்சம் பெரியவனானதும் பாட்டு வயலிலிருந்து குழாய்க்கு மாறியது. கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பனைமரத்தில் கட்டிய ரேடியோ செட்டுக் குழாயிலிருந்து நாள் முழுக்கப் பாட்டு. இரவில் இலங்கை வானொலி. அந்தப் பாட்டுகளில் 'கண்டாங்கி' என்ற சொல் அடிக்கடி வரும். நான் அதைக் 'கண்டு ஏங்கி' என்றே பல வருஷம் கேட்டேன். பெண்ணைப் பார்த்து ஏங்குகிறான், பொருத்தமாகத்தானே இருக்கிறது? பாட்டு எனக்குக் குறையாகவே தோன்றவில்லை. பிறகு ஒரு தீபாவளிக்கு அம்மா பெட்டியைத் திறந்து அப்பத்தாவின் பழைய புடவை ஒன்றை எடுத்தாள். அரக்குச் சிவப்பு, உடல் முழுக்கக் கட்டம். "அப்பத்தாவோட கண்டாங்கி, அந்துருண்டை போடணும்" என்றாள். கட்டம் போட்ட பருத்திச் சேலை, காரைக்குடிப் பக்கம் நெய்வது. 2019ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மதுரைச் சுங்குடிக்கு அதற்கு முன்பே, 2005ல் கிடைத்திருந்தது.

கண்டு ஏங்கியதெல்லாம் ஒரே நிமிஷத்தில் போய்விட்டது. ஆனால் அந்தப் பாட்டுகளை இப்போது கேட்டால் முன்பைவிட நன்றாக இருக்கிறது. வரப்பில் ஏற்றிச் செருகிய சேலையோடு ஓர் ஆள் நடந்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது.

இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியது இதுதான். மெட்டில் உட்கார்ந்துவிட்ட சொல்லை யாரும் எளிதில் எழுப்ப முடியாது. எடுத்தால் தாளம் உதைக்கும். அதனால் பேச்சிலிருந்து போய்விட்ட பிறகும் சொல் பாட்டில் இருந்துகொண்டே இருக்கும். பொருள் அப்படி இருக்காது. அது பாட்டைக் கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் இருக்கும். அந்த ஆள் எழுந்து போய்விட்டால் நமக்கு ஓசை மட்டும் மிஞ்சும்.

பிழைப்புக்காக மதுரைக்கு வந்து டி.டி.பி. கடை போட்டேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா போஸ்டர், கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். பங்குனி, சித்திரை வந்தால் நோட்டீஸ் வேலை குவியும். நோட்டீஸில் கடைசி நாள் நிகழ்ச்சி பெரும்பாலும் வள்ளி திருமண நாடகம். அதற்குக் கீழே வரிசையாகப் பெயர்கள்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், ஹார்மோனியம், மிருதங்கம். ராஜபார்ட் என்று எத்தனை ஆயிரம் முறை தட்டச்சு செய்திருப்பேனோ தெரியாது. சின்ன வயதில் ஊரில் எவனாவது வெள்ளையும் சொள்ளையுமாக நடந்தால் "பெரிய ராஜபார்ட்டு வாராரு" என்பார்கள். குறும்பு செய்கிறவனைப் பபூன் என்பார்கள். மேடைச் சொற்கள் தெருவுக்கு இறங்கி வந்தவை என்று நான் யோசித்ததே இல்லை.

எனக்கு இதையெல்லாம் சொன்னவர் என் தாய்மாமா. முப்பது வருஷத்துக்கு மேல் நாடகத்துக்கு ஹார்மோனியம் வாசித்தார். ஹார்மோனியக்காரர் வாசிக்க மட்டும் மாட்டார், பாடவும் செய்வார். அதனால் அவரைப் பின்பாட்டு என்பார்கள். நடிகன் மூச்சு வாங்குகிற இடத்தில் அடியை அவர் எடுத்துக்கொள்வார். இந்த நாடகங்களுக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ஒரே கம்பெனியாகச் சேர்ந்து ஒத்திகை பார்த்து ஆடுவதில்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர் என்று தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஆனாலும் விடிய விடிய ஆட்டம் பிசகாது. காரணம், எல்லோருக்கும் ஒரே பாடம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்த பாட்டுகளும் வசனமும் அவர்களுக்கு மனப்பாடம். மதுரையில் 1918ல் சுவாமிகள் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். தமிழ் நாடகத்தில் பெயர் எடுத்த பலர் அங்கே பயின்றவர்கள்.

'பார்ட்' ஆங்கிலச் சொல். அதன் முன்னால் வடமொழி ராஜாவையும் ஸ்திரீயையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். திருடன் வேஷத்துக்குக் கள்ளபார்ட். அதில் முன்பாதி தமிழ். எனக்கு மிகவும் பிடித்தது பழைய நோட்டீஸ்களில் வருகிற 'அயன் ராஜபார்ட்'. மாமா வைத்திருந்த பழுப்பேறிய நோட்டீஸில் அதைப் பார்த்ததும் அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். "பிழையில்லைடா மாப்ள, அயன்னா முதல்தரம்" என்றார் மாமா. பிறகு அதே சொல்லை ஒரு பத்திரத்தில் பார்த்தேன், அயன் நஞ்சை என்று. மதுரை விமான நிலையத்துப் பக்கம் அயன் பாப்பாக்குடி என்று ஊரே இருக்கிறது. அரபியில் 'அய்ன்' என்றால் கண், ஒரு பொருளின் மூலம், அசல். அது நிலவரிக் கணக்கோடு வந்து சர்க்காருக்கு முழுத்தீர்வை கட்டுகிற நிலத்துக்குப் பெயரானது, அப்புறம் நாடகக்காரர்கள் கையில் அசல் நாயகனுக்குப் பட்டமானது. ஒரு நோட்டீஸ் வரியில் அரபி, வடமொழி, ஆங்கிலம் மூன்றும் நிற்கின்றன. வாசிக்கிறவனுக்கு அது சுத்தமான மதுரைத் தமிழாகத்தான் கேட்கிறது.

மாமாவிடம் கற்ற இன்னொரு சொல் 'கட்டை'. உரக்கக் கத்துகிறவனை "ஏன்டா எட்டுக் கட்டையில கத்துற?" என்பது எங்கள் வீட்டில் தினசரிப் பேச்சு. கட்டை என்றால் தொண்டையில் இருக்கிற ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். மாமா ஹார்மோனியத்தைத் திறந்து காட்டினார். விரலால் அமுக்குகிற மரத்துண்டுதான் கட்டை. ச-வை எந்தக் கட்டையில் வைத்துக்கொள்கிறாயோ அதுதான் உன் சுருதி. வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும். நடுவில் இருக்கிற கறுப்புக் கட்டைகள் அரை: ஒன்றரை, இரண்டரை, நாலரை.

"மூன்றரை?" என்று கேட்டேன்.

"மூணரைக் கட்டை கிடையாதுடா. தேடிப் பாரு."

பார்த்தேன். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்பே இல்லை, இரண்டு வெள்ளையும் ஒட்டி நிற்கின்றன. எவனாவது மூன்றரைக் கட்டையில் பாடினேன் என்று பெருமை பேசினால் அவன் ஹார்மோனியத்தைத் தொட்டதில்லை என்று தெரிந்துகொள்ளலாம் என்றார் மாமா. மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் குரல் போக வேண்டும். அதனால் ஆண்களும் ஐந்து, ஐந்தரை என்று ஏற்றித்தான் பாடினார்கள். இருபத்தேழு வயதில் இறந்துபோன நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் (1906–1933) இசைத்தட்டு ஒன்றை மாமா எனக்காகப் போட்டார். அந்த உயரத்தைக் கேட்ட பிறகுதான் 'கட்டை' என்ற சொல்லின் எடை எனக்குத் தெரிந்தது.

மைனர் என்ற சொல்லையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய படப் பாட்டிலும் கிராமத்துப் பாட்டிலும் மைனர் வருவார். சில்க் ஜிப்பா, செண்ட் வாசனை, மார்பில் மைனர் செயின், கையில் வேலை ஒன்றும் கிடையாது. பெண்ணைக் கேலி செய்வார், பெண் திருப்பிக் கொடுப்பாள். ஆனால் வயதுக்கு வராதவன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் எப்படி ஊர் சுற்றுகிற சீமானுக்குப் பெயரானது? எங்கள் பக்கம் ஜமீன் பூமி. ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவனாக இருந்தால் வெள்ளைக்கார சர்க்கார் சொத்தைத் தன் மேற்பார்வையில் எடுத்துக்கொள்ளும். அதற்கென்று கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அமைப்பு 1804லேயே சென்னை மாகாணத்துக்கு வந்துவிட்டது. இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி 1868ல் பிறந்தவர், 1873ல் தகப்பனாரை இழந்தார். சமஸ்தானம் அவர் கைக்கு வந்தது 1889ல். அதுவரை காகிதத்தில் அவர் மைனர். அவர் படித்தவர், பின்னாளில் விவேகானந்தர் அமெரிக்கா போக ஊக்கமும் பொருளும் தந்தவர். ஆனால் எல்லா ஜமீன் வாரிசுகளும் அப்படி இல்லை. பணம் வரும், பொறுப்பு வராது. கணக்கை வேறு யாரோ பார்ப்பார்கள், இவர் குதிரை வண்டியில் போவார். அப்படிப்பட்ட பிள்ளைகளை ஊர் பார்த்துப் பார்த்துச் சட்டச் சொல்லுக்குப் புதுப் பொருள் கொடுத்துவிட்டது. ஜமீன் ஒழிந்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது. மைனர் செயின் மட்டும் நகைக்கடையில் இன்னும் தொங்குகிறது.

சென்னைப் பாட்டுகள் கேசட்டில் வந்த காலத்தில் அவற்றோடும் சில சொற்கள் ஏறி வந்தன. பேமானி என்று ஒருவனைத் திட்டினால் அடி விழும், ஆனால் என்ன திட்டினோம் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. 'பே-ஈமான்', நேர்மை இல்லாதவன். உருதுவும் பாரசீகமும் பேசுகிறவர்களிடமிருந்து வந்தது. கஸ்மாலம் அதைவிட ஆச்சரியம். அழுக்கு, மனக்கலக்கம் என்று பொருள்படும் 'கச்மலம்' அது. குருக்ஷேத்திரத்தில் சோர்ந்து உட்கார்ந்த அர்ஜுனனிடம் கண்ணன் கேட்கிற முதல் கேள்வியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. துட்டு, தூத்துக்குடியை 1658ல் பிடித்த டச்சுக்காரர்களின் 'டுயிட்' என்ற செப்புக்காசு. எங்கள் ஊரில் கோலி விளையாடும்போது பாடுகிற பாட்டில் துட்டு வரும். ஹாலந்து தேசத்துக் காசைப் பாடிக்கொண்டிருந்தோம்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறேன். கள்ளழகர் தன் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வரும்போது, மூன்றுமாவடியில் அவரை மக்கள் எதிர்கொண்டு அழைக்கிற எதிர்சேவை நடக்கும் இரவில், வழி நெடுக வர்ணிப்புப் பாடுவார்கள். நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, சிறு புத்தகம் ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு, அழகர் புறப்படுவதை, கருப்பசாமி காவல் வருவதை அடி அடியாகப் பாடிக்கொண்டு போவார்கள். சினிமா இல்லாமல், மேடை இல்லாமல், காசு இல்லாமல் நடக்கிற கச்சேரி. மதுரைக்காரனாக இருந்தும் அதை ஓர் இரவாவது உட்கார்ந்து கேட்காதவர்கள் பெரிய செல்வத்தைத் தவறவிடுகிறார்கள் என்று உண்மையாகவே நினைக்கிறேன். அதில் கருப்பசாமியின் கோலத்தைப் பாடும்போது சல்லடம், கச்சை, உருமா, வல்லயம் என்று சொற்கள் கொட்டும். வல்லயம் ஈட்டி. சல்லடம் தொடை வரைக்கும் இறுக்கிப் போடுகிற அரைக்கால்சட்டை. திருவிழாவில் திரி எடுத்து ஆடுகிறவர்களும், தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்களும் இன்றைக்கும் சல்லடம் அணிந்து சலங்கை குலுங்க வருகிறார்கள். ஆகவே இந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை. தல்லாகுளத்தில் நின்றால் போதும், பொருள் எதிரே ஆடிக்கொண்டு வரும்.

உருமா தலைப்பாகை. உருமால் என்றும் எழுதுவார்கள். பாரசீகத்தில் 'ரூ' முகம், 'மால்' துடைப்பது. ருமால், கைக்குட்டை. முகம் துடைக்கிற துணி எங்கள் சாமியின் தலையில் ஏறிக் கம்பீரமாகிவிட்டது. பாடிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் யோசித்தார். "முகத்தைத் துடைச்சாலும் தலையில கட்டுனாலும் கருப்பனோடதுதானப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டார். அவர் சொன்னதும் சரிதான்.

இங்கே ஒரு பழைய வலியையும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பில் கட்டுரை நோட்டில் 'மாடு பைய நடந்தது' என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து, கொச்சை என்று ஓரத்தில் எழுதி, வகுப்பு முன்னால் வாசித்தும் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டில் அப்பத்தாவின் பேச்சு எல்லாமே தப்பு போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். அவள் "பைய வாய்யா" என்று கூப்பிட்டபோது நான் "மெதுவா வான்னு சொல்லு" என்று திருத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

பல வருஷம் கழித்து, மீனாட்சியம்மன் கோயிலில் ஓதுவார் ஒருவர் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். திருஞானசம்பந்தர் இந்த மதுரையிலேயே பாடிய பதிகம். சம்பந்தர் தங்கியிருந்த மடத்துக்குத் தீ வைத்தார்கள், அந்தத் தீ வெப்பு நோயாகப் பாண்டியனைச் சேரட்டும் என்று அவர் பாடினார் என்பது கதை. ஓதுவார் நிதானமாக இழுத்துப் பாடினார்: 'பையவே சென்று பாண்டியற்கு ஆகவே.' எனக்கு உடம்பு சிலிர்த்தது. பையவே! ஏழாம் நூற்றாண்டு. அரசன் மேல் தீ போகலாம், ஆனால் பையப் போக வேண்டும். ஏனென்றால் அரசி மங்கையர்க்கரசியின் தாலிக்குப் பங்கம் வரக்கூடாது என்று சேக்கிழார் அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்கிறார். மெதுவாக என்பதற்குள் எவ்வளவு இரக்கம் இருக்கிறது பாருங்கள். மாட்டுக்கும் பேரனுக்கும் அப்பத்தா சொன்ன 'பைய'விலும் அந்த இரக்கம்தான் இருந்தது.

அன்றைக்கு ஓதுவாரிடம் போய்ப் பேச வேண்டும் என்று நினைத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. பிரகாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

அகராதி பார்க்கிற பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அந்த வேலை தொடங்கியது 1913ல், எங்கள் மதுரையில். முதல் பதிப்பாசிரியர் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர். இரண்டு வருஷம் கழித்துத்தான் அலுவலகம் சென்னைக்குப் போனது. கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலில் இருந்துகொண்டு கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் தனியாகத் தொகுத்து 1982ல் அகராதியாகப் போட்டார். ஒரு சம்சாரி, அதாவது விவசாயி, தன் ஊர்ப் பேச்சுக்காகச் செய்த அந்த வேலைக்கு ஈடு எதுவும் கிடையாது. எங்கள் மேலூர்ப் பக்கத்துக்கும் அப்படி ஒருவர் இருந்திருந்தால் என்று ஏங்கியிருக்கிறேன்.

ஆனால் அகராதியால் முடியாத இடங்களும் உண்டு. தாத்தா இறந்த அன்று அப்பத்தா பாடிய ஒப்பாரி நினைவில் இருக்கிறது. மார்பில் அடித்துக்கொண்டு, எப்போதும் நடவுக்குப் பாடுகிற அதே குரலில், ஆனால் இழுத்துப் பாடினாள். "கண்ணு ரெண்டும் மறுகால் போகுதே" என்று ஓர் அடி. எனக்குப் பன்னிரண்டு வயது. மறுகால் என்றால் என்ன என்று அவளே காட்டியிருந்ததால், நிறைந்து, தாங்க முடியாமல், உடைந்துவிடாமல் இருப்பதற்காக வழிகிற தண்ணீர் என்று அந்த அடி எனக்கு முழுசாகப் புரிந்தது. அடுத்து "ஈரக்கொலை பத்துதே" என்றாள்.

ஈரக்கொலை என்பது ஈரல்குலை. பயம் வந்தால் ஈரக்கொலை நடுங்கும், துக்கம் வந்தால் ஈரக்கொலை பற்றி எரியும். எழுதுகிறவர்கள் இதயம் என்று எழுதுகிற இடத்திலெல்லாம் எங்கள் பெண்கள் ஈரலைத்தான் சொல்வார்கள். நெஞ்சைவிட ஆழமான இடம் அது, வயிற்றுக்குள்ளே.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பத்தா ஞாபகம் வரும். பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். வெயிலில் அலைந்துவிட்டு ஒரு டம்ளர் குடித்தால் உள்ளே ஒரு கோடு போல இறங்கும். 'தண்டா' குளிர்ச்சி என்று எல்லோருக்கும் தெரியும். 'ஜிகர்' பாரசீகத்தில் கல்லீரல். உருதுக் கவிதையிலும் இந்திப் பாட்டிலும் காதலும் துணிச்சலும் குடியிருக்கிற இடம் அதுதான். ஈரல் குளிரட்டும் என்று ஒரு பானத்துக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். ஒரே ஊரில், ஒரு தெருவில் ஜிகர் குளிர்கிறது, அடுத்த தெருவில் ஈரக்கொலை எரிகிறது. இரண்டு பாஷைக்காரர்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்துக்கொண்டதாக நான் சொல்லவில்லை. மனிதனுக்கு வலிப்பதும் குளிர்வதும் எங்கே என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

அப்பத்தா போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. தண்டட்டி ஆடிய காதும், பாடும்போது எடுக்கிற மூச்சும் அப்படியே கண்ணில் நிற்கின்றன. நாற்று நட இப்போது எந்திரம் வருகிறது. எந்திரம் ஓடுகிற சத்தத்தில் பாட முடியாது, பாடத் தேவையும் இல்லை. ஊருக்குப் போனால் பெரியம்மாவை உட்கார வைத்து, தெரிந்ததைப் பாடச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்துகொள்கிறேன். ஒரு பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்பேன். பாட்டைவிட இந்தப் பேச்சுத்தான் நீளமாக இருக்கும். பெரியம்மாவுக்கு முதலில் அலுப்பு. "இது தெரியாதாய்யா ஒனக்கு?" என்பார். சொல்லத் தொடங்கினால் ஒரு சொல்லுக்கு அரை மணி நேரம் போகும். கிணற்றுத் தண்ணீரை அள்ளுகிற ஒரு கூனையைச் சொல்ல வேண்டுமானால், மாடு கட்டி இறைக்கிற கமலையைச் சொல்ல வேண்டும், கமலையைச் சொன்னால் அதை இழுத்த மாட்டின் பெயரைச் சொல்ல வேண்டும், மாட்டின் பெயர் வந்தால் அதை விற்ற வருஷத்துப் பஞ்சம் வரும். எல்லாவற்றையும் பதிவு செய்கிறேன். எதையும் வெட்டுவதில்லை.

போன கார்த்திகையில் ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "கம்மா பெருகிருச்சுப்பா, நாளைக்கு மறுகால் பாயும்." என் மகளுக்குப் பத்து வயது. பெரியம்மாவின் பதிவில் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, கம்மாய்க்கு எத்தனை கால் என்று ஒரு மாதத்துக்கு முன்புதான் என்னிடம் கேட்டிருந்தாள். நானும் மழை வரட்டும் என்றுதான் சொல்லியிருந்தேன். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கலுங்கில் தண்ணீர் கண்ணாடி விரித்த மாதிரி வழிந்துகொண்டிருந்தது. கீழே பையன்கள் வேட்டியை விரித்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார். மகள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் கல்லில் இறங்கிவிட்டாள். கணுக்கால் அளவு தண்ணீர் அவள் காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. "இதுதானா? இதுதான் மறுகாலா?" என்று கத்தினாள். ஆமாம் என்றேன். எங்கே போகிறது என்று கேட்டாள். கிழக்கே கையைக் காட்டினேன், அடுத்த ஊர்ப் பனைகள் மழை மூட்டத்தில் லேசாகத் தெரிந்தன. நானும் கல்லில் கால் வைத்தேன்.

"பைய வாங்கப்பா," என்றாள் திரும்பிப் பார்த்து. "பாசி வழுக்குது."